லண்டனுக்கு ஒரு கைமாற்று

திண்டுக்கல் வட்டாரத்தில், கன்னிவாடிப் பக்கம் காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்றாடக் கூலி அன்றாடமே கைக்கு வந்துவிடும். வெங்காயம் பிடுங்கினாலும் சரி, பருத்தி எடுத்தாலும் சரி, முருங்கைக்காயைப் பறித்துக் கட்டுப்போட்டாலும் சரி, பொழுது சாய்வதற்குள் காட்டுக்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்தாக வேண்டும். "சில்லறை இல்ல, நாளைக்கு வாங்கிக்க" என்று ஒருமுறை சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். மறுபடியும் சொன்னால் அடுத்த வாரம் அந்தக் காட்டுக்கு ஆள் வராது. இதற்கென்று யாரும் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை.

அதே ஊரில் மாடி அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை பார்க்கிறவருக்குக் கூலி வர ஒன்றரை மாதம் ஆகிறது, இரண்டு மாதம் ஆகிறது. அவர் படித்தவர், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவர், ஒரு நாள் வரும்படியைக் கணக்குப் பார்த்தால் காட்டு வேலைக்குப் போகிறவரைவிடப் பல மடங்கு வாங்குகிறவர். ஆனாலும் கூலியை எப்போது வாங்குவது என்கிற விஷயத்தில், முருங்கைக்காய் கட்டும் அம்மாவுக்கு இருக்கும் செல்வாக்கில் கால்வாசிகூட இவருக்குக் கிடையாது. இது ஏன் இப்படி இருக்கிறது, இப்படித்தான் இருந்தாக வேண்டுமா என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

நானும் அந்த மாடி அறைக் கூட்டத்தில் ஒருவன்தான். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆய்வு நூல்களுக்குப் பக்கம் கட்டுவதும், நூலின் கடைசியில் வரும் சொல்லடைவைத் தயாரிப்பதும் பிழைப்பு. என் சித்தி காட்டு வேலைக்குப் போகிறவர். பில் அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறேன் என்று ஒருநாள் சொன்னேன்.

"வேலைய வாங்கிக்கிட்டானா இல்லையாடா?"

"வாங்கிட்டான் சித்தி. நல்லா இருக்குன்னு மெயிலும் போட்டுட்டான்."

"பெறகென்ன? வட்டிக்கா விட்டிருக்க?"

வட்டிக்கு விட்டிருந்தால் வட்டியாவது வந்திருக்கும். சித்தி போகிறபோக்கில் கேட்டதுதான். ஆனால் விஷயத்தின் மையம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வராத ஒவ்வொரு நாளும், வேலை செய்தவர் வேலை வாங்கியவருக்குக் கடன் கொடுத்திருக்கிறார். பத்திரம் இல்லை, ஈடு இல்லை, வட்டி இல்லை. நம் ஊரில் இதைக் கைமாற்று என்போம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆத்திர அவசரத்துக்குக் கொடுப்பது. கன்னிவாடிக்காரர் ஒருவர் லண்டன் கம்பெனிக்கு மாதாமாதம் கைமாற்றுக் கொடுக்கிறார். இருவருமே அதைக் கடன் என்று நினைப்பதில்லை.

*

பில் என்கிற அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். மேலே பில் எண், தேதி, நம் பெயர், முகவரி. நடுவில் செய்த வேலை, பக்கத்துக்கு இவ்வளவு என்று டாலரிலோ பவுண்டிலோ தொகை. ஜி.எஸ்.டி. பதிவு செய்தவராக இருந்தால், இது ஏற்றுமதி, உறுதிமொழிக் கடிதத்தின் பேரில் வரி செலுத்தாமல் அனுப்பப்படுகிறது என்று ஒரு வாசகம். எல்.யு.டி. என்று ஆடிட்டர்கள் சொல்வது அந்த உறுதிமொழியைத்தான். அதை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். கீழே வங்கி விவரம்.

வங்கி விவரத்தில்தான் ஊர் தெரியவரும். எதிர்த்தரப்பு முதலில் ஐபான் எண் கேட்கும். இந்தியாவில் ஐபான் கிடையாது என்று விளக்க ஒரு மெயில். அடுத்து ஸ்விஃப்ட் கோடு கேட்கும். சின்ன ஊர்க் கிளைகளுக்குத் தனி ஸ்விஃப்ட் கோடு பெரும்பாலும் இருக்காது. திண்டுக்கல்லிலோ மதுரையிலோ இருக்கும் பெரிய கிளையின் கோடைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும். அடுத்தது பெயர். முன்பெயர், குடும்பப் பெயர் என்று அவர்களுடைய படிவத்தில் இரண்டு கட்டங்கள். நமக்கு இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும். பாஸ்புக்கில் இன்ஷியல் முன்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் நீண்டிருக்கும், படிவத்தில் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். பெயர் பொருந்தவில்லை என்று பணம் வந்த வழியே திரும்பிப் போன கதை இந்தத் தொழிலில் பலரிடம் உண்டு.

இதெல்லாம் சரியாக அமைந்து பணம் கிளம்பினாலும் நேராக வந்து சேராது. ஸ்விஃப்ட் என்பது 1973-இல் பெல்ஜியத்தில் தொடங்கி 1977 முதல் ஓடிக்கொண்டிருக்கும் செய்திப் பரிமாற்ற அமைப்பு. அதில் போவது பணமல்ல, இன்னாருக்கு இவ்வளவு கொடு என்கிற தகவல். பணம் ஒரு வங்கி இன்னொரு வங்கியில் வைத்திருக்கும் கணக்குகளில் வரவும் பற்றுமாக எழுதப்பட்டு நகர்கிறது. இரு வங்கிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லையென்றால் நடுவில் மூன்றாவது வங்கி ஒன்று வரும். அது தன் கட்டணத்தை நம் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நம் வங்கி டாலரை ரூபாயாக்கும்போது சந்தை விலையில் கொஞ்சம் குறைத்துப் போடும். மாற்றிக் கொடுத்ததற்கு ஜி.எஸ்.டி. வேறு: 35,000 ரூபாய் மாற்றினால் 63 ரூபாய். கடைசியாக, என்ன வகைப் பணம் என்று நோக்கக் குறியீடு கேட்பார்கள். மென்பொருள் ஆலோசனை என்றால் பி0802. 400 டாலருக்குப் பில் போட்டவர் கையில் 400 டாலர் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆனாலும் இந்த வழிச்செலவைப் பற்றி நான் அதிகம் புலம்பமாட்டேன். வைஸ், பேயோனீர் போன்ற சேவைகள் வந்தபின் அது குறைந்திருக்கிறது. 2011-இல் பேபால் வழியாக ஒரு தடவைக்கு 500 டாலருக்கு மேல் வாங்க முடியாது என்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு வைத்த காலத்தை நினைத்தால், இன்றைய நிலைமை எவ்வளவோ மேல். வழிச்செலவு கண்ணுக்குத் தெரியும், பாஸ்புக்கில் எழுதியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று இருக்கிறது. அது பில்லின் ஓரத்தில் எதிர்த்தரப்பு போடச் சொல்லும் ஒரு சின்ன வரி: 45 நாளில் பணம்.

*

அந்த 45 நாள் இழுத்து இரண்டு மாதமாவதற்குள் கன்னிவாடியில் என்ன நடக்கிறது? மளிகைக் கடைப் பாக்கி நிற்காது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நிற்காது. நகை கூட்டுறவுச் சங்கத்துக்கோ வங்கிக்கோ போகும். ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 35,000 ரூபாய்க்கு இரண்டு மாத வட்டி 700 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். நகை இல்லாதவர் தனியாரிடம் போவார். கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று அதில் எத்தனை வகை உண்டென்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்த பிறகும் அவை ஒழிந்துவிடவில்லை. இந்த வட்டி எந்தப் பில்லிலும் ஏறுவதில்லை. லண்டன் கம்பெனி தன் ரொக்கத்தை இரண்டு மாதம் கூடுதலாகக் கையில் வைத்திருக்கிறது. அதற்கான வட்டியைக் கன்னிவாடியில் அடகுபோன சங்கிலி கட்டுகிறது.

தூரம் என்பதால் தாமதம் என்று சொல்லிவந்தார்கள். கப்பலில் சரக்குப் போன காலத்தில் அது நியாயம். ஆனால் நான் பக்கம் கட்டி அனுப்பும் கோப்பு, அனுப்பிய நிமிஷமே போய்ச் சேர்கிறது. திருத்தம் கேட்டால் அன்றைக்கே செய்து கொடுக்கச் சொல்கிறார்கள். வேலைக்கு இல்லாத தூரம் கூலிக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? இந்தத் தாமதம் தூரத்தால் வருவதில்லை. கம்பெனிகள் அதைத் திட்டம்போட்டு வைத்திருக்கின்றன. கொடுக்க வேண்டியதைச் சராசரியாக எத்தனை நாள் கழித்துக் கொடுக்கிறோம் என்று பெரிய கம்பெனிகள் அளந்து பார்க்கின்றன. நாள் கூடினால் நிதித்துறைக்குப் பெருமை. பில்களை மாதத்தில் குறிப்பிட்ட தேதிகளில் மொத்தமாகப் பட்டுவாடா செய்வார்கள். கொள்முதல் ஆணை எண் ஒன்று விட்டுப்போனாலும் பில் ஓரமாகக் கிடக்கும், அடுத்த தேதிக்குத் தள்ளிப்போகும். அப்படி எண் இல்லாத பில் ஒன்றை என்னிடம் திருப்பி அனுப்பி, புதுப் பில் போன தேதியிலிருந்து நாற்பத்தைந்து நாளை மறுபடி முதலிலிருந்து எண்ணிய நிறுவனமும் உண்டு. அந்த எண்ணைத் தர வேண்டியவர்கள் அவர்களே.

*

கடல்கடந்த வியாபாரம் நமக்குப் புதிதில்லை. பழனிக்குப் பக்கத்தில் கலையமுத்தூரில் ரோமானியப் பொற்காசுப் புதையல் 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. வியன்னாவில் இருக்கும், சேரநாட்டுத் துறைமுகமான முசிறியின் பெயர்கொண்ட பாப்பிரஸ் ஏடு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1985-இல் பதிப்பிக்கப்பட்டது. ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் போன கங்கைப்புறத்து நறுந்தைலப் பொருளும் தந்தமும் அதில் கணக்கெழுதப்பட்டிருக்கின்றன. மறுபக்கம் இருப்பது ஒரு கடன் ஒப்பந்தம். முசிறிப் பயணத்துக்காகக் கடன் வாங்கியவர், சரக்கைச் செங்கடல் கரையிலிருந்து பாலைவனம் தாண்டி, நைல் வழியே அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகவும், தவணையில் கடன் தீராவிட்டால் சரக்கைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒப்புக்கொள்கிறார். பருவக்காற்றை நம்பிய அந்தக் காலத்திலேயே காத்திருப்புக்கு ஈடு எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

நகரத்தார் இதில் கைதேர்ந்தவர்கள். இரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதம் ஒருமுறை கூடி நடப்பு வட்டி என்ன என்று நிர்ணயிப்பார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் பரவிக் கிடந்த வட்டிக்கடைகளின் ஒவ்வொரு வரவுக்கும் ஒவ்வொரு பற்றுக்கும் அந்த வட்டி நாள் கணக்கில் ஏறும். பெட்டியில் முடங்கிய பணமும் கடலில் மிதக்கும் பணமும் அவர்கள் பேரேட்டில் சும்மா கிடந்ததே இல்லை.

திண்டுக்கல் வட்டாரத்துக்கு வருவோம். இங்கே சுருட்டிய சுருட்டு, 'ஃப்ளோர் டி திண்டுக்கல்' என்ற பெயரில் விக்டோரியா காலத்து லண்டன் கடைகளில் விற்றது. பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் இன்னும் வெளிநாடு போகிறது. தோல் அனுப்புகிறவருக்குக் காத்திருப்பைத் தாங்க ஒரு பெரிய ஏற்பாடே இருக்கிறது. வாங்குகிறவரின் வங்கி கடன் உறுதிக் கடிதம் கொடுக்கும். கப்பல் ரசீதைக் காட்டினால் பணம். சரக்கு அனுப்பும் முன்பே வங்கியில் பேக்கிங் கிரெடிட் வாங்கலாம். தவணை பில்லாக இருந்தால் அதைத் தள்ளுபடி விலையில் வங்கியிடமே கொடுத்துவிட்டு ரொக்கம் பெறலாம். வாங்கியவர் ஏமாற்றினால் ஈடுசெய்ய 1957-இலேயே அரசு ஒரு காப்பீட்டு நிறுவனம் தொடங்கியது, இன்றைய ஈ.சி.ஜி.சி. அதுதான்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில்கூட இந்த ஒழுங்கு உண்டு. கேரள வியாபாரி காயைக் கடனுக்கு எடுத்துக்கொண்டு போவார். காய் கொண்டுவந்த உழவருக்குக் கமிஷன் மண்டிக்காரர் தன் கையிலிருந்து பணத்தைக் கொடுத்துவிடுவார். கமிஷன் அதிகம், எடையில் அடிக்கிறார்கள் என்று உழவர்களுக்கு ஆயிரம் குறை இருக்கும். அந்தக் குறைகளில் நியாயமும் இருக்கும். ஆனால் அந்தக் கமிஷனில் ஒரு பகுதி காத்திருப்பின் விலை. மண்டிக்காரர் அதைக் கேட்டு வாங்குகிறார், கூசாமல் வாங்குகிறார்.

ஆக, தொலைவில் இருக்கும் ஆளோடு கொடுக்கல் வாங்கல் செய்த எல்லோரும் நாளுக்கு விலை போட்டிருக்கிறார்கள். போடாதவர் ஒருவர்தான்: தன் கையால் வேலை செய்து, தானே பில் எழுதி, தானே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவர். அவருடைய சரக்கு துறைமுகம் வழியே போகவில்லை. கப்பல் ரசீது இல்லை. அதனால் வங்கியின் கண்ணில் சரக்கே இல்லை. ஈ.சி.ஜி.சி.யில் சேவை ஏற்றுமதிக்கும் பாலிசி இருக்கிறது. 400 டாலர் பில்லுக்கு அதை எடுத்தவரை நான் பார்த்ததில்லை.

*

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் இன்னும் விசித்திரம். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், நூறுநாள் வேலைக்கூலியைப் பதினைந்து நாளுக்குள் கொடுக்கச் சொன்னது. பதினாறாம் நாளிலிருந்து பாக்கிக் கூலிக்கு நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. அதாவது நூறு ரூபாய்க்குத் தினம் 5 காசு. அது ஒழுங்காகக் கிடைத்ததா என்பது வேறு கதை. ஆனால் நாட்டின் ஆக ஏழைத் தொழிலாளியின் காத்திருப்புக்கும் விலை உண்டு என்று சட்டப் புத்தகம் ஒப்புக்கொண்டது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டம், வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் வட்டிக்கு வட்டி என்று கடுமை காட்டுகிறது. வாங்கியவர் கோயம்புத்தூரில் இருந்தால் இது பலிக்கும். லண்டனில் இருந்தால் நமக்கு இது காகிதம்.

அந்த லண்டன்காரர்களுக்கும் தங்கள் நாட்டில் சட்டம் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம், வியாபாரக் கடன் தாமதமானால் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 8 சதவீதம் வட்டி கேட்கலாம் என்கிறது. ஆயிரம் பவுண்டுக்குக் குறைந்த பாக்கிக்கு அதோடு 40 பவுண்டு இழப்பீடும் உண்டு. நியூயார்க் நகரம் 2017-இல் ஃப்ரீலான்சர்களுக்கென்றே ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: 800 டாலரோ அதற்கு மேலோ பெறும் வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த முப்பது நாளில் பணம். அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் கேட்டு வாங்கிய உரிமை அது. அந்த ஊர்க் கம்பெனிக்கு அடுத்த தெருக்காரரிடம் செல்லாத தாமதம், கடல்தாண்டி இருப்பவரிடம் செல்லுபடியாகிறது.

நம் அரசோ எதிர்ப்பக்கம் நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பணத்தைக் குறித்த காலத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு ஏற்றுமதி செய்தவருடையது. ஒன்பது மாதமாக இருந்த அந்தக் கெடுவை ரிசர்வ் வங்கி 2025 நவம்பரில் 15 மாதமாக நீட்டியது. ஜி.எஸ்.டி. விதி 96ஏ இதைவிடக் கூர்மையானது. எல்.யு.டி. கொடுத்து வரியில்லாமல் பில் போட்டவருக்கு, உரிய காலத்துக்குள் வெளிநாட்டுப் பணம் வந்து சேராவிட்டால், அந்தப் பில்லுக்கான வரியை அவரே கட்ட வேண்டும். வட்டியோடு கட்ட வேண்டும். கூலியே வராதவர், வராத கூலிக்கு வரியும் வரிக்கு வட்டியும் கட்டுகிறார். அவருடைய காத்திருப்புக்கு வட்டி கேட்க ஆள் இல்லை. அவர் காத்திருந்த குற்றத்துக்கு வட்டி வாங்க ஆள் இருக்கிறது.

*

இரண்டு மறுப்புகளைச் சொல்வார்கள். ஒன்று, டாலர் ஏறிக்கொண்டே இருக்கிறதே, தாமதித்து வந்தால் லாபம்தானே என்பது. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததிலிருந்து 2025 டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டியதுவரை பார்த்தால், பேச்சில் உண்மை இருப்பதாகத் தோன்றும். ஆனால் அது வருஷக்கணக்கில் நடந்த ஏற்றம். 45 நாளில் டாலர் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். மேலும், விலை ஏறட்டும் என்று காத்திருப்பது சரக்கைக் கிடங்கில் வைத்திருப்பவரின் உரிமை. கிடங்கின் சாவி எதிராளியிடம் இருக்கும்போது ஏற்றத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. வேடசந்தூர் நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவரையும், சின்னாளபட்டித் தறியில் உட்கார்ந்திருப்பவரையும் வைத்துப் பார்த்தால், மின்விசிறியின் கீழ் டாலர் சம்பாதிப்பவர் குறைப்படுவது அழகா என்பது. கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொகை அதிகம் என்பது தாமதத்துக்குச் சமாதானம் ஆகாது. தவிரவும், அதிகம் என்பதெல்லாம் நம் ஊர்க் கணக்கு. அதே சொல்லடைவுக்கு அவர்கள் ஊரில் கொடுப்பதைவிட மலிவு என்பதால்தான் வேலை கன்னிவாடிக்கு வருகிறது. மலிவான கூலி, அதற்கு மேல் வட்டியில்லாக் கடன் என்று இரட்டைச் சலுகை கொடுக்கிறோம்.

தாமதத்தைத் தீர்க்கிறோம் என்று வந்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் ஊரில் தன் பெற்றோர் விளைச்சலை விற்றுவிட்டுப் பணத்துக்காகக் காத்துக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்ததாகச் சொன்ன லெக்ஸ் கிரீன்சில், பில்லுக்கு உடனே பணம் தரும் நிறுவனத்தை 2011-இல் லண்டனில் தொடங்கினார். பிரிட்டனின் முன்னாள் பிரதமர் டேவிட் கேமரூன் அதற்கு ஆலோசகர். இன்னும் போடாத, இனிமேல் வரக்கூடிய பில்களின் பேரிலும் கடன் கொடுக்கும் அளவுக்கு அது ஊதிப்போய் 2021 மார்ச்சில் திவாலானது. ஃப்ரீலான்ஸ் தளங்களும் ஒருவகையில் இதைத்தான் விற்கின்றன. வேலை தொடங்கும் முன்பே வாடிக்கையாளரின் பணத்தை வாங்கி நடுவில் வைத்துக்கொள்ளும் அவற்றின் ஏற்பாடு நல்லது, சந்தேகமில்லை. அதற்கு அவை எடுக்கும் பங்கும் சின்னதில்லை. ஃபைவரில் நூற்றுக்கு இருபது. எந்த வழியில் போனாலும் காத்திருப்பைக் குறைப்பதற்குக் காசு கொடுப்பவர், வேலை செய்தவராகவே இருக்கிறார்.

*

இதில் நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. கேட்பதற்குக் கூசுகிறோம். தேதி தாண்டிப் பத்து நாள் ஆனபிறகு 'ஜென்டில் ரிமைண்டர்' என்று ஒரு மெயில் போடுகிறோம். அதில் மன்னிக்கவும் ஒரு தடவை, தொந்தரவுக்கு வருந்துகிறேன் ஒரு தடவை, உங்கள் வேலைப்பளு தெரியும் என்று ஒரு தடவை. தொகையும் பில் எண்ணும் கடைசி வரியில் பதுங்கியிருக்கும். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். அதுவும் சரியில்லை. அந்தப் பக்கம் மெயிலைத் திறப்பவர் கணக்குப் பிரிவில் இருக்கும் ஓர் ஊழியர். அவருக்கு நம் அழுகையும் வேண்டாம், பணிவும் வேண்டாம். பில் எண், கொள்முதல் ஆணை எண், தொகை, கெடு தேதி, எத்தனை நாள் தாண்டியது, எந்தத் தேதிப் பட்டுவாடாவில் வரும் என்கிற கேள்வி. ஆறு விஷயம், நாலு வரி. இப்படி எழுதப் பழகியவர்களுக்குப் பணம் சீக்கிரம் வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் முன்னால், வேலையை ஒப்புக்கொள்ளும்போதே பேச வேண்டியது இருக்கிறது. புது ஆள் என்றால் பாதிப் பணம் முன்பணம். பெரிய வேலை என்றால் பகுதி பகுதியாகப் பில். வங்கிக் கட்டணம் முழுவதும் அனுப்புகிறவர் பொறுப்பு என்று ஒரு வரி. கெடு தாண்டினால் மாதத்துக்கு இத்தனை சதவீதம் என்று இன்னொரு வரி. கெடு தாண்டியும் பணம் வராத இடத்துக்கு அடுத்த கோப்பு போகாது. இதில் புதுமை எதுவும் இல்லை. காட்டு வேலைக்குப் போகிறவர்கள் வாய் திறக்காமல் நடத்திக்காட்டுவதுதான். ஒரு வித்தியாசம்: அவர்கள் கூட்டாக இருக்கிறார்கள். பணம் தராத காட்டுக்காரர் யாரென்று ஒருநாள் பொழுதில் ஊருக்கே தெரிந்துவிடும். மாடி அறைக்காரர்கள் ஆளுக்கொரு அறையில் தனித்தனியாக ரிமைண்டர் எழுதிக்கொண்டிருக்கிறோம். பணம் தராத கம்பெனியின் பெயரைப் பக்கத்துத் தெருவில் அதே தொழில் செய்கிறவரிடம்கூடச் சொல்வதில்லை, வாடிக்கையாளர் கைவிட்டுப் போய்விடுவாரோ என்கிற பயம். அந்தப் பயம் நீடிக்கிறவரை கைமாற்றும் நீடிக்கும்.

தனிமனித சாமர்த்தியத்தோடு இது முடியவும் கூடாது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததற்குக் காரணம், விதைக்கும் நாளுக்கும் விற்கும் நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உழவர் வட்டிக்காரரிடம் சிக்கிக்கொண்டதுதான். அந்த இடைவெளியைத் தாங்கத்தான் இன்று ஊர்தோறும் சங்கம் இருக்கிறது, பயிர்க்கடன் இருக்கிறது. மழை பெய்யுமா, பூச்சி விழுமா, விலை கிடைக்குமா என்று எதுவும் நிச்சயமில்லாத பயிரின் பேரில் கடன் கொடுக்க நம் சங்கங்கள் கற்றுக்கொண்டிருக்கின்றன. வேலை முடிந்து, வாங்கியவர் ஏற்றுக்கொண்டு, தேதியும் குறித்த ஒரு வெளிநாட்டுப் பில் அதைவிட உறுதியான ஈடு. அதை எடுத்துக்கொண்டு போய் நீட்டினால் வாங்கிப் பார்க்கச் சங்கத்தில் ஒரு படிவம்கூட இல்லை. நகை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ரிசர்வ் வங்கியும் கூட்டுறவுத் துறையும் நினைத்தால், இரண்டு மூன்று வருட வரவுச் சான்றும் கிளையண்ட் ஏற்பு மெயிலும் உள்ள சின்னப் பில்களுக்கு முக்கால் பங்கு தொகையைக் கடனாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கலாம். விதி 96ஏ-யில் சிறு சேவையாளருக்கு விலக்குத் தரலாம். இரண்டும் நடக்கக்கூடியவை. அதுவரை உங்கள் அடுத்த பில்லின் அடியில், தாமதத்துக்கு வட்டி உண்டு என்று எழுதி அனுப்புங்கள். பணம் வராத கம்பெனியின் பெயரைப் பக்கத்து மாடிக்காரரிடம் சொல்லுங்கள்.